பச்சையில் கொஞ்சம் சிவப்பு

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட என் பேன்ட் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. போய் எடுத்து வந்தேன்.

ஓவிய வகுப்பு. நல்லூரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே. இத்தனை வாரமும் பென்சில்தான். கோடு, வட்டம், டம்ளர், டம்ளரின் நிழல். பயமில்லாமல் போய் வந்தேன். "சாருக்கு நிழல் நல்லா வருதுல்லா" என்று ஜெபா மிஸ் எல்லோர் முன்பும் சொன்னார். அதை வீட்டில் கவிதாவிடம் சொல்ல, அவள் என் மாமியாரிடம் சொல்ல... முப்பத்தேழு வயதில் இப்படி ஒரு பெருமை.

இன்று கலர்.

மிஸ் கொடுத்தது மூன்றே டியூப். சிவப்பு, மஞ்சள், நீலம். மற்றதை நாமே கலக்கிக்கொள்ள வேண்டுமாம். மேசையில் ஒரு கொய்யாக் கிளை. "பச்சை ரொம்பப் பளிச்சுன்னு இருந்தா சிவப்பை லேசாத் தொட்டுக்கிடுங்க, அடங்கிரும்" என்றார். தொட்டேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். என் கண்ணுக்குக் கடைசிவரை அது பச்சைதான்.

மிஸ் பின்னால் வந்து நின்றார். நகரவே இல்லை.

"சார், வேணும்னேதான் இலையக் காப்பிக் கலர்ல போட்டீங்களா?"

"ஆமாங்க மிஸ். சும்மா மாத்திப் பாக்கலாம்னு."

"நல்லாத்தான் இருக்கு. துணிச்சல்தான் சார்."

பக்கத்தில் உட்காரும் சாந்தாமணி அக்கா எட்டிப் பார்த்து, "நமக்கெல்லாம் இப்பிடித் தோணாதுங்க தம்பி" என்றார்.

காப்பிக் கலரா?

வீட்டில் படத்தைப் பீரோ மேல் கவிழ்த்து வைத்தேன். கவிதா கேட்டாள். காயவில்லை என்றேன்.

ஜூலை 7, திங்கள்

வேலை. ஏழாம் நம்பர் மெஷினில் ஊசி போய்விட்டது, துணியில் கோடு. ரோலை நிறுத்தி, ஊசி மாற்றி, மறுபடி ஓட்டம்.

பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கில் இத்தனை வருடம். சுற்றிலும் சாயம் ஏறாத துணி. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இன்றுதான் யோசித்தேன்: இங்கே என்னை யாரும் கலர் கேட்டதே இல்லை.

கலர் பெயர்கள் எனக்குச் சரியாகப் படியவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். சில பேருக்குப் பூப் பெயர் தெரியாதே, அப்படி. மெரூன், மெஹந்தி என்று கவிதா சொல்லும்போது தலையாட்டிவிடுவேன்.

முதலாளி அண்ணன் இன்றும் ஞாபகப்படுத்தினார். "அடுத்த மாசம் பிரிண்டிங் யூனிட்டு உன்ற பொறுப்பு சரவணா. கிளாஸ் ஒழுங்காப் போறியல்ல?" போகச் சொன்னதே அவர்தான். கலர் என்றால் என்னவென்று ஒரு அடிப்படை இருக்கட்டும் என்று.

"போறனுங்ணா" என்றேன்.

ஜூலை 9, புதன்

வாங்க: ஆறாம் நம்பர் பிரஷ். ஓவியத் தாள். யாழினிக்கு காம்பஸ். கேஸ் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் செல்போனில் தேடினேன். ஒரு வட்டம், உள்ளே நிறையப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் இருக்கிறதாம். திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், கண்ணாடியைத் துடைத்தேன். புள்ளிகள். வெறும் புள்ளிகள்.

யாழினி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சுப்பா." ஆறாம் வகுப்புப் படிப்பவள், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த படத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆறு. இதென்னப்பா கேமு? ரொம்ப ஈஸியா இருக்கு?"

ஆமாம் கண்ணு, ஈஸி என்றேன். போனை நழுவ விட்டேன். உடையவில்லை.

ஜூலை 10, வியாழன்

அண்ணன் காரிலேயே பிரிண்டிங் யூனிட்டுக்கு அழைத்துப் போனார். நீள நீள மேசைகள், மேலே விரித்த துணி, இரண்டு பக்கமும் வடக்கத்திப் பசங்க அச்சுச் சட்டத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். சுவரோரம் டப்பா டப்பாவாகச் சாயப் பசை. எல்லோரும் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். வரப்போகிற சூப்பர்வைசர்.

அண்ணன் இரண்டு துண்டுத் துணியை நீட்டினார். "ஒண்ணு ஃபாரின் பையர் அனுப்புனது. ஒண்ணு நம்மாளுக அடிச்சது. ஷேடு ஒண்ணா இருக்குதா? நம்முளுது எதுன்னு சொல்லு பாக்கலாம்."

இரண்டும் ஒன்றுதான். என் கண்ணுக்கு ஒரே துணியைக் கிழித்து இரண்டாக்கியது போல. எல்லோரும் பார்க்கிறார்கள்.

"இடது கைல இருக்கறதுங்ணா. கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்."

"பாத்தியா! இதுக்குத்தான் கிளாசு." முதுகில் தட்டினார்.

தப்பாகச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது.

ஜூலை 12, சனி

அரை நாள் லீவ். தலைவலி என்று சொன்னேன். அவிநாசிக்குப் பஸ். திருப்பூரில் பார்த்தால் யாராவது தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

கண் டாக்டர் அம்மா அதே புள்ளிப் புத்தகத்தைப் புரட்டினார். நான் தடுமாறத் தடுமாறப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார். திட்டவில்லை.

"பார்வை நல்லா இருக்குதுங்க. செவப்பு, பச்சை பிரிச்சுப் பாக்கறதுதான் கம்மி. பொறவியிலயே இப்பிடித்தான்."

"மருந்துங்க?"

"இல்லீங்க. ஆபரேசனும் இல்ல. இத்தன நாளு இதோடதான இருந்தீங்க, இனியும் இருக்கலாம்."

யாழினிக்கு வருமா என்று கேட்டேன். அவளுக்குப் பெரும்பாலும் வராதாம். நாளைக்கு அவளுக்குப் பையன் பிறந்தால் அவனுக்கு வரலாமாம். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம். இன்னும் பிறக்காத ஒரு பையனை நினைத்துப் பயந்துகொண்டே வந்தேன். பைத்தியக்காரத்தனம்.

ஜூலை 13, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். பொய் கூடிக்கொண்டே போகிறது.

கவிதாவிடம் சொல்லிவிட்டேன். சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் நம்பவில்லை. "இது என்ன கலருங்க?" என்று தன் நைட்டியைக் காட்டினாள். அப்புறம் பக்கெட். அப்புறம் யாழினியின் பை. தெரிந்ததைச் சொன்னேன், மற்றதற்குச் சும்மா இருந்தேன். அவள் முகம் மாறியது.

"அப்ப அந்தத் தக்காளி?"

கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் உள்ள சண்டை அது. சந்தைக்கு அனுப்பினால் பாதி காயாகத்தான் கொண்டுவருவேன். வீட்டு வேலையில் அக்கறை இல்லாத ஆள் என்று அவள் அம்மா வரைக்கும் பேச்சு.

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா, நானா, தெரியாது.

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில்: "அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"எல்லாத்துகிட்டயும் சொல்லியாச்சுங்க. சூப்பர்வைசர்னு. டப்பா மேல நம்பர் இருக்குமல்ல, அதப் பாத்துச் சமாளிக்க முடியாதுங்களா? கூட ஒரு ஆள வெச்சுக்குங்க."

"ஒரு லாட் துணி மொத்தமும் தப்பான கலர்ல போச்சுன்னா?"

வெங்காயம் மட்டும் உரிந்துகொண்டே இருந்தது.

ஜூலை 14, திங்கள்

சொல்லவில்லை. அண்ணன் ஆபீஸ் வாசல் வரை போனேன். உள்ளே ஆடிட்டர். திரும்பி வந்துவிட்டேன். ஆடிட்டர் இருந்தது நிம்மதியாக இருந்தது, அதுதான் கேவலம்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மெஷின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அண்ணா, பிரிண்டிங் எனக்கு வேண்டாங்ணா."

"ஏம்ப்பா, வேற கம்பெனிக்குப் போறியா?"

"இல்லீங்ணா. எனக்குக் கலர் தெரியாதுங்ணா."

"அதான கத்துக்கப் போயிட்டிருக்கற?"

"கத்துக்க முடியாதுங்ணா. பொறவியிலயே கண்ணு அப்பிடி. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தனுங்."

ஷெட்டுக்கு வெளியே கூட்டிப் போனார். "அன்னிக்குச் சரியாச் சொன்னியே?"

"குருட்டாம்போக்குல சொன்னதுங்ணா."

என்னையே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இது என்ன கலரு?" என்றார். அவரும்! நீலம் என்றேன். தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார், நீலத்துக்கா, எனக்கா? "சரி, போயி வேலையப் பாரு." அவ்வளவுதான்.

கோபமா, சங்கடமா, என்னை அனுப்பிவிடுவாரா? ஒன்றும் புரியவில்லை. கால் மட்டும் லேசாக இருந்தது, உள்ளே திரும்பி நடக்கும்போது.

ஜூலை 16, புதன்

அண்ணன் நிட்டிங் பக்கம் வரவில்லை.

டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால்: "சரவணனுக்குக் கண்ணு தெரியலையாம்ல?" "அப்பறம் எப்பிடி வண்டி ஓட்டறான்?" திரும்பிப் பார்க்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. வாசலெல்லாம் காற்று கொண்டுவந்த மண்.

பிரிண்டிங்குக்கு வேறு ஆள். அண்ணனே வந்து சொன்னார். எல்லோரும் நிற்கும்போது. "நீ இங்கயே இரு சரவணா. இங்கதான் எல்லாம் வெள்ளையாச்சே." சிரிப்பு. நானும் சிரித்தேன். போகும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "லாட் கெட்டுப் போனதுக்கப்புறம் சொல்லியிருந்தீன்னா உன்னைய வெச்சிருக்க மாட்டேன்" என்றார். கையைத் தோளில் வைத்து எடுத்தார்.

வேலை இருக்கிறது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நீள மேசைகள், வணக்கம் வைத்த பசங்க. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதுதான் தெரிகிறது எவ்வளவு பிடித்திருந்தது என்று.

வீட்டில் கவிதா போனில். "இல்லம்மா... வேற ஆளப் போட்டுட்டாங்க... இல்ல, இவருதான் வேண்டாம்னுட்டாரு. கண்ணுல ஒரு இது. டாக்டரே சொல்லிட்டாங்க." அந்தப் பக்கம் மாமியார் ஏதோ கேட்டிருப்பார். "அவருக்குப் பொய் சொல்ல வராதும்மா, என்ன பண்ணச் சொல்ற?"

அது பெருமையா, சலிப்பா? குரலை வைத்துப் பிரிக்க முடியவில்லை. கேட்கவும் பயம்.

ஜூலை 19, சனி

யாழினிக்குச் சளி. கஷாயம். கேஸ் வந்தது.

நாளை வகுப்புக்குப் போவதா? இனி எதற்கு? அனுப்பிய காரணமே போய்விட்டது. பென்சிலைச் சீவி வைத்தேன். டியூப்களையும் பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

போனேன். முன்னாடியே போய் மிஸ்ஸிடம் சொன்னேன், காய்ச்சல் உட்பட எல்லாவற்றையும். "ஐயோ, துணிச்சல்னு வேற சொல்லி வச்சேனே" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். வேண்டுமானால் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

"இல்லீங்க மிஸ். கலரும் போடறனுங்க." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சொன்ன பிறகு காதெல்லாம் சூடு.

இன்று பக்கத்தில் இருப்பவரை வரைய வேண்டும். எனக்குச் சாந்தாமணி அக்கா. முகம், கொண்டை, மூக்குத்தி, பென்சிலில் வந்துவிட்டது. புடவைக்கு வந்தபோது நின்றுவிட்டேன். மஞ்சள் டியூப் ஒரு கையில், நீலம் ஒரு கையில். ஹால் முழுக்க ஆள்.

"அக்கா, உங்க சீலை என்ன கலருங்க?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். "எனக்குச் சில கலர் தெரியாதுங்க."

அக்கா குனிந்து தன் மடியைப் பார்த்தார். "என்ற சீலையா? எலுமிச்சம்பழக் கலருங்க தம்பி."

முன் வரிசையிலிருந்து ஒருத்தர், "எங்கீங்க எலுமிச்சை, அது கிளிப்பச்சை."

"மஞ்சள்தாங்க அது" என்று இன்னொருத்தர்.

"கடைக்காரரே எலுமிச்சைன்னுதான் குடுத்தாரு!"

"காயா, பழமா? அதச் சொல்லுங்க மொதல்ல."

மிஸ் ஜன்னல் கதவைத் திறந்து, அக்காவை வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். எல்லோரும் எழுந்துபோய்ச் சுற்றி நின்றுகொண்டு பேசினார்கள். முடிவு வரவில்லை. நான் பிரஷைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு காத்திருந்தேன்.