குளிரில் வளர்பவை

கவுஞ்சிக்காரருக்கு,

என் ஆய்வகத்துக்கு நீங்கள் ஸ்வெட்டருக்குள் பொத்தி எடுத்துவந்த பழ ஈக்கள் முட்டையிட்டுவிட்டன. "ஈக்குக்கூடக் குளிருமா புள்ள?" என்று கேட்டீர்களே, குளிரும்.

முட்டைகளில் ஊசிபோட்டு ஒரு மரபணுவின் வாயை அடைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். குறித்த மணிக்குப் பார்த்தால், தண்ணீர் முட்டைகளிலும் உடலைக் கண்டம் கண்டமாகப் பிரிக்கும் கோடுகள் இல்லை. என் கைதான் கெடுத்தது என்று அழுதேன். பிறகுதான் உறைத்தது, நான் குறித்த மணி சமவெளிக் கணக்கு. கொடைக்கானல் குளிரில் மெதுவாகத்தான் வளரும். மறுநாள் அவற்றில் எல்லாக் கோடுகளும் இருந்தன. மரபணு அடைத்தவற்றில், நான் எதிர்பார்த்தபடியே, ஒன்றுவிட்டு ஒரு கோட்டைக் காணோம்.

போன வாரம் ஸ்கேனில் வயிற்றிலிருக்கும் நம் பிள்ளைக்கு இதயத்துடிப்பு தெரியவில்லை. "நாள் பத்தலம்மா, மறுபடி பாப்போம்" என்றார் டாக்டர். உங்களிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். கேரட் அறுவடை கிடக்கட்டும், கவுஞ்சியிலிருந்து வெள்ளனே வாருங்கள். அந்த ஸ்வெட்டரோடு.

உங்கள் ஈக்காரி