காலி இடத்துக்கு முதல் முறை

சட்டையைக் கழற்றும்போது குப்பென்று அடித்தது ஒகேனக்கல் மீன் வறுவல் வாடை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்தும் போகவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நீ இறந்துபோய் எட்டு மாதமாகியும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கணினி மொழியின் புதிய பதிப்பு போன மாதம் வெளியானது. அதை வளர்க்கும் குழுவில் நானும் இருப்பது உனக்குத் தெரியும். பழைய பதிப்பில் எழுதிய பல நிரல்கள் இனி ஓடா. தெரிந்தேதான் வெளியிட்டோம். மொழி சுத்தமாகிவிட்டதாம். வாழ்த்துகள் குவிந்தன, நானும் பல்லிளித்துக்கொண்டு நன்றி சொன்னேன். தூ!

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு முறை பிரிக்க நீ எழுதிக்கொடுத்த நிரலில், சாவு விழுந்த வீட்டுக்காரரின் முறை எண்ணைக் காலியாக விட்டிருந்தாய். வரிசைப்படுத்தும்போது பழைய பதிப்பு காலி இடத்தை எல்லா எண்ணுக்கும் முன்னால் வைக்கும். "இதையெல்லாம் நம்பியாடா எழுதுவ?" என்று உன் பூட்டுக்கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்தேன். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்: "காலின்னா கடைசின்னு யாருடா சொன்னது? சாவு வூட்டுலருந்து எந்திரிச்சு வர்றவனத்தான் மொதல்ல வுடணும்."

புதிய பதிப்பில் காலி இடத்தை எண்ணோடு ஒப்பிட்டால் நிரல் நின்றுவிடும். அந்த மாற்றம் என்னுடையது. "இதை நம்பிய நிரல்கள் எழுதப்பட்டிருக்கவே கூடாதவை" என்று வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதினேன். உன் நிரலை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். நீ இருந்தபோது தோற்ற வாக்குவாதத்தை நீ இல்லாதபோது ஜெயித்துக்கொண்டேன். எவ்வளவு கேவலம்!

பரிசல் துறையில் யாரோ கணினியைப் புதுப்பித்திருக்கிறார்கள். இன்று காலை முறைப் பட்டியலே வரவில்லை. ஃபோன் வந்ததும் ஓடினேன். துறையில் ஒருவரையொருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்றார். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்து இன்றுதான் தொழிலுக்கு வந்தவர்.

"சார், எனக்கு மொதல் முறை வருமுங்களா? பூட்டுக்கடை பாய் இருந்தப்ப வந்துரும்ங்க."

புதியதை அழித்துவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றினேன். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. முதல் நடை போய்வந்தவர், என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மீன் வறுவல் வாங்கிக்கொடுத்தார். "நல்லாருப்பீங்க சார். நீங்க வந்ததாலதான் சரியாச்சு." கெடுத்தவனே நான்தான் என்று சொல்லாமலேயே வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், குறிப்பிலுள்ள அந்த வரியை நீக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதினேன். 'வெளியானது வெளியானதுதான்' என்று பதில் வந்தது. முறையிட்டவர்களுக்கெல்லாம் நான் அனுப்பிக்கொண்டிருந்த அதே வாசகம்.

பழைய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நீ கொடுத்த சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன். நாளை மறுபடி ஒகேனக்கல் போகிறேன். அந்த மொட்டைத் தலைக்காரரிடம், கெடுத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.