ஸ்டே என்றால் இரு

மார்ச் 3

தம்பிக்கு,

இல்லை, நான் சொல்லச் சொல்லி அப்பா அதைச் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார். போனில் நீ போட்ட கூச்சல் பக்கத்து வீடுவரை கேட்டது, அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் கத்த முடியாது. நீ முயற்சி செய்வாய், தெரியும்.

பக்கவாதத்தில் போன பேச்சு, வேலையிடத்துச் சொற்கள் வழியாகத் திரும்பி வரலாம் என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர். துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று அப்பா ஆயுசு முழுக்கக் கத்தியது என்ன? ஸ்டாப். ஸ்டெடி. எஸ்ஸும் டியும் சேர்ந்து ஆரம்பிக்கிற சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களாக அட்டை எழுதச் சொன்னார். எழுதினேன். பின்பக்கம் தமிழில் அர்த்தம். ஸ்டாப், நிறுத்து. ஸ்டெப், படி. ஸ்டார், நட்சத்திரம். ஸ்டே, இரு.

"எங்க ஊருக்கு வந்துடுறீங்களாப்பா? வீட்டுப் பக்கத்துலயே நல்ல காப்பகம் இருக்கு" என்று கேட்டாய். "ஸ்டே" என்றார். புரியாத மாதிரி நடிக்காதே.

அவர் இங்கேதான் இருப்பார். என்னோடு.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

'அன்புள்ள' விட்டுப்போகவில்லை. விட்டேன்.

எனக்கும் அந்த எழுத்தில் சொல் தெரியும். ஸ்டீல், திருடு. ஸ்டிங்க், நாறு.

ஸ்டார்ட் என்று ஒரு அட்டை வைத்திருக்கிறாயா? கிளம்பு என்று? இருக்காது. அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீ முடிவு செய்கிறாய். அதை மட்டும் ஊட்டுகிறாய். பிறகு, 'அப்பாவே சொன்னார்' என்கிறாய். "தம்பிக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று நான் வாயைத் திறக்கும் முன்பே என் சார்பில் பதில் சொன்னவள்தானே நீ. ஹெட்மிஸ்ட்ரஸ் என்று நான் வைத்த பெயர் வீணாகவில்லை.

காப்பகம் என்றால் தள்ளிவிடுவது இல்லை. அங்கே விஷயம் தெரிந்தவர்கள் பயிற்சி கொடுக்கிறார்கள். வேலை முடிந்து நான் தினமும் போவேன்.

ஞாயிறு வருகிறேன். நேரில் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

வா. கூடத்தில் படுத்துக்கொள். அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு ராத்திரி தங்காதவனுக்குக் கூடமே ஜாஸ்தி.

டீச்சர் லீவில் இருக்கிறார். பயிற்சியை நானே எடுக்கிறேன். எல்லா அட்டையையும் காட்டினால் குழம்புகிறார் என்று இப்போதைக்கு ஒரே சொல். அதைச் சரியாகச் சொன்ன பிறகுதான் டீ. எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் தெரியுமா. நீயே கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் ஊர் போய்ச் சேர்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

ரயிலில் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

நீ கடைக்குப் போயிருந்தாய். நாங்கள் இரண்டு பேர்தான்.

"என்கூட வர்றீங்களாப்பா?"

"ஸ்டே."

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"அப்ப அக்காகூடவே இருந்துக்கறீங்களா?"

"ஸ்டே."

"ஃபேனைப் போடட்டுமா?"

"ஸ்டே."

சிரித்தேன். அவரும் சிரித்தார். குளிப்பாட்டக் கூட்டிப் போனேன். தண்ணீர் சூடு கூடுதல், எனக்குத் தெரியவில்லை. முதல் மக்கு ஊற்றினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "ஸ்டே, ஸ்டே" என்று கத்தினார். இருக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இங்கதான்பா இருக்கேன், எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு மக்கு ஊற்றினேன்.

தோள் சிவந்ததை நீ பார்த்திருப்பாய். சொல்லாமல் கிளம்பியது அதனால்தான்.

நிறுத்து என்பதற்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது, அக்கா. கிரேனுக்குக் கீழே எத்தனையோ பேரை அந்தச் சொல்லை வைத்துக் காப்பாற்றியவர். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் உன் சொல் உட்கார்ந்திருக்கிறது.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

ஊற்றும் முன் தண்ணீரில் விரல் விட்டுப் பார்க்கத் தெரியாதவன் எனக்குப் பாடம் எடுக்கிறாய். தோளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பது நான்.

நீ புளுகுகிறாய் என்றுதான் நினைத்தேன். இன்று காலை ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். ஸ்டே. ஸ்டாப் அட்டையைக் காட்டினேன். ஸ்டே. நான் யாருப்பா என்று கேட்டேன். ஸ்டே.

பிறகு டீ கொண்டுபோனேன். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அவசரமாக "ஸ்டே" என்றார். சொன்னால் கொடுப்பாள் என்று.

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் எழுத முடியும். மன்னிப்பு என்று எதையும் எதிர்பார்க்காதே, உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

உன் காப்பகத்துக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை இடம் இருக்கிறதாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, நானே கூட வருகிறேன். நீ அங்கே வாசலில் நின்றால் போதும். அவரிடம் பேசு. என்னிடம் பேசாதே, என் வழிக்கே வராதே. அதற்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம்.

டீயை அவர் கையில் கொடுத்தேன். துணிகள் மாறிப்போகாமல் இருக்கப் பெயர் வேண்டுமென்று காப்பகத்தில் சொன்னார்கள். கூடத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டைக் காலர்களின் உள்பக்கம் பெயரைத் தைத்தேன்.

அக்கா