பழுப்பேறிய டயல்

மார்ச் 6

டாக்டர் அவர்களுக்கு,

நான் சுகம், என் முட்டிதான் சுகமில்லை. ஆபரேஷன் ஆகி இருபத்திரண்டு நாள் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் மாடிப்படி பக்கமே போகக்கூடாது என்று கட்டளை. படுக்கையில் கிடந்தபடி குழாய் வியாபாரம் பார்க்கிறேன். கோடவுன் மேஸ்திரி எதைச் சொல்கிறானோ அதுதான் இருப்பு. நம் சீஃப் இன்ஜினியரின் கடைசிக் காரியத்துக்கு வர முடியாமல் போனதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கப்பல் இன்ஜினோடு முப்பது வருடம் வெந்த மனுஷன், கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

போனில் பேசலாம்தான். அவர் கடலில் இருந்த காலத்தில் "கையில கட்டுறதைப் பத்திக் கையாலதான் எழுதணும்" என்று நம் இருவருக்கும் சட்டம் போட்டார். அவரோடு அதையும் அனுப்பிவிட மனம் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மூவரில் யார் முதலில் போனாலும் மற்ற இருவரும் அந்த வீட்டு வாட்ச்சுகளுக்கு நியாய விலை சொல்ல வேண்டும் என்று உங்கள் கிளினிக்கில்தான் பேசிக்கொண்டோம். பல் பிடுங்கும் நாற்காலியில் நான் சாய்ந்திருந்தேன், உங்கள் விளக்கை சீஃப் பிடித்திருந்தார், ஞாபகம் இருக்கும். அவரிடம் சொல்லும்படி இருப்பது ஒன்றே ஒன்று, கடலில் முக்குளிப்பவர்கள் கட்டுகிற அந்தப் பழைய வாட்ச். கறுப்பு டயல் அறுபது வருட வெயிலில் புகையிலை நிறமாகப் பழுத்தது. என் கடைக் குழாய் நிறம் மங்கினால் வாங்கியவன் என் சட்டையைப் பிடிப்பான். நம் பைத்தியக்காரத்தனத்தில் டயல் மங்கினால் விலையில் ஒரு சைபர் கூடுகிறது. இன்றைய தேதியில் அது ஒரு சின்ன வீட்டு விலை.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் சீஃப் சம்சாரத்துக்கு இது தெரியாது. "இது உன் வீடு, பத்திரமா வை. அவங்க ரெண்டு பேரும் சொல்ற விலைதான் விலை" என்று மட்டும் சீஃப் சொல்லிவைத்திருக்கிறார். கம்பெனி குவார்ட்டர்ஸை ஜூனில் காலி செய்ய வேண்டும். வேறு கையிருப்பு கிடையாது.

நீங்கள் உள்ளூரில் இருக்கிறீர்கள். போய் விலையைச் சொல்லிவிட்டு வாருங்கள். வெளியில் ஆள் அமையாவிட்டால் அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன். வாங்குகிறவனே விலையும் சொன்னால் அது யோக்கியமாக இருக்காது. அதனால்தான் உங்களை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்

மார்ச் 14

அன்புள்ள முதலாளிக்கு,

முட்டியை அவசரப்படுத்தாதீர்கள். சொன்ன பயிற்சியை மட்டும் செய்யுங்கள். நாம் வாட்ச் பார்க்கக் கூடுகிற முதல் ஞாயிறு, இந்த மாதம் நீங்கள் இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. நான் ஒருவனே என் வாட்ச்சுகளை எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தேன்.

சீஃப் வீட்டுக்குப் போய் வந்தேன். அண்ணி தைரியமாக இருக்கிறார்கள். வாட்ச்சை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சொன்னால் வருத்தப்படுவீர்கள், நாம் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்குச் சிலாக்கியமாக இல்லை. பழுப்பு சீராக இல்லை. ஈரம் இறங்கியிருக்குமோ என்று சந்தேகம். சந்தையும் இப்போது படுத்துக் கிடக்கிறது.

பெரிய தொகையைச் சொல்லி அவர்களைக் குழப்ப வேண்டாம் என்று பட்டது. சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் மொய்த்துவிடுவார்கள். தோராயமாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். வெளி ஆள் கையில் சிக்காமல் அது என்னிடமே இருந்துவிட்டால் நீங்களும் நினைத்தபோது வந்து பார்க்கலாம். சீஃபுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

என்றும் அன்புடன்,
பல் டாக்டர்

மார்ச் 20

டாக்டர்,

உங்கள் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னால் தங்கச்சியின் போன் வந்தது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் கேளுங்கள்.

"அண்ணே, டாக்டர் சார் வந்தாரு. டயல் அழுகிப் போச்சாம். இந்த நெலமைல யாரும் கைல தொட மாட்டாங்களாம். ஒரு ஃபிரிட்ஜ் வெலைக்கு அவரே எடுத்துக்கறேன்னாரு. அழுகின சாமானுக்கு யாருண்ணே அவ்வளவு குடுப்பா? தங்கமான மனுஷன். இவர்தான் வீடு, வீடுன்னு சொல்லி என்னைய ஏமாத்திட்டுப் போயிட்டாரு."

அழுகிப்போச்சு என்ற வார்த்தையை எங்கிருந்து எடுத்தீர்கள்? டிசம்பரில் என் பூதக்கண்ணாடியை வைத்து அதை அரை மணி நேரம் பார்த்தேன். ஈரமும் இல்லை, மண்ணும் இல்லை. உங்கள் முறை வந்தபோது நீங்கள் அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

நான் ஒன்றும் புனிதன் இல்லை. பழைய குழாய் பொறுக்கி விற்று மேலே வந்தவன். பிளாஸ்டிக் வால்வுக்கு முலாம் பூசித் தள்ளியிருக்கிறேன். ஆனால் என்னிடம் வாங்கியவன் இடுப்பில் கைவைத்து நின்று பேரம் பேசினான், என்னைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்னான். இங்கே புருஷன் படுத்த மெத்தையை இன்னும் வெயிலில்கூடப் போடாத ஒருத்தி, உங்களைத் தங்கமான மனுஷன் என்கிறாள். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் தோள் வரை கைவிட்டவன் நான். அந்த நாற்றம் சோப்பு போட்டால் போய்விடும். உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை எடுக்கக் கை கூசுகிறது.

போனில் அவளிடம் எதையும் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம், உங்கள் மானத்தை நீங்களே காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி விட்டு வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை போங்கள். தப்பாகப் பார்த்துவிட்டேன், வெளிச்சம் போதவில்லை என்று எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள். விலையை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

குழாய்க்காரன்

மார்ச் 29

முதலாளி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னியுங்கள்.

சனிக்கிழமை போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள். ஒரு முன்னெச்சரிக்கைக்காகக் கவரில் அந்த ஃபிரிட்ஜ் பணத்தையும் வைத்திருந்தேன். அண்ணி உள்ளே போய், துவைத்து மடித்த கைக்குட்டையில் வாட்ச்சை வைத்து எடுத்து வந்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்பு.

"அழுகின பொருளை உங்க தலையில கட்ட மனசு ஒப்பலை சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில குடுத்து சரிபண்ணிட்டேன். கைக்காசுதான். இப்பப் பாருங்க!"

கறுப்பு, முதலாளி! ஷூவுக்கு மெழுகு போட்ட மாதிரி பளபளவென்று கறுப்பு. எண்களை வெள்ளை பெயிண்டில் புதிதாக எழுதியிருக்கிறான், அதில் எட்டு சாய்ந்து நிற்கிறது. வாட்ச்சின் உலோக உடம்பை மெஷினில் கொடுத்துத் தேய்த்ததில், கூர் விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழத்துவிட்டது.

என்னை மீறிக் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. அண்ணி சுவரோடு ஒட்டி நின்றது மட்டும் ஞாபகம். கடைக்கு ஓடினேன். ஒருவேளை வேறு டயல் மாற்றி, பழையதைத் தூக்கி எறிந்திருப்பானோ என்று ஒரு நப்பாசை. அவன் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்து, மண்டியிட்டுத் தேடினேன். செத்த பேட்டரி, அறுந்த ஸ்ட்ராப், எச்சில் டீக் கப்புகள். "எதுக்கு சார் இந்தத் தேடு தேடுறீங்க? அசிங்கமா இருந்துச்சு, மருந்துல முக்கிச் சுத்தமா எடுத்துட்டேன். அந்தம்மாவே அழுகலை எடுத்துடுப்பான்னுதானே குடுத்துச்சு?" என்றான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அறுபது வருட வெயில், ஒரு டம்ளர் மருந்தில் போய்விட்டது. இனி யார் நினைத்தாலும் வராது. நஷ்டம் நம் இருவருக்கும்தான். அண்ணியிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப் போகிறது? நிம்மதியாவது மிஞ்சட்டும்.

உங்கள்,
டாக்டர்

ஏப்ரல் 11

டாக்டர்,

நேற்று போனேன். மேஸ்திரி ஒரு பக்கம், கைத்தடி ஒரு பக்கம், இரண்டு மாடி. குவார்ட்டர்ஸ் படிகளை யார் கட்டினானோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம்.

வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு, "டாக்டர் சாருக்கு ஏன்ணே அவ்வளவு கோபம்? நான் பண்ணது தப்பா?" என்று கேட்டாள். வாட்ச்சை என் கையில் வைத்தாள். நீங்கள் எழுதியது சரிதான், எட்டு சாய்ந்துதான் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். பழுப்புதான் விலை என்பதையும், என்ன விலை என்பதையும், இப்போது என்ன கிடைக்கும் என்பதையும் வியாபாரி பாஷையில் மூன்று வரியில் சொன்னேன். அழவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்த சணல் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்ப டாக்டர் சாருக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"நான் போன் பண்ணப்ப, உங்களுக்கு?"

"தெரியும்."

"போன் பண்ண மறுநாள்தாண்ணே கடையில குடுத்தேன். நீங்க ஏன் சொல்லலை?"

"டாக்டர் மானம் போயிடுமேன்னு..."

"அவர் மானத்துக்கு என் வீடாண்ணே?"

சந்தையில் என் வாயை அடைத்தவன் கிடையாது என்று பெருமை அடித்திருக்கிறேன். அந்த நாற்காலியில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன், உங்கள் பேஷண்ட் மாதிரி.

கயிற்றைப் பெட்டியில் இறுக்கிக் கட்டிக்கொண்டே அவள் பேசினாள். "மூணு பேரும் அந்த ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்கன்னு இவரைக் கேப்பேன். அழகைப் பார்க்கறோம்னு சொல்வாரு." அவ்வளவுதான் சொன்னாள். வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

குப்பைத் தொட்டியில் மண்டியிட்டீர்களே, அங்கே அழுதீர்களே, அதில் ஒரு சொட்டு சுவரோடு ஒட்டி நின்றவளுக்காக உண்டா? கடிதத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. நஷ்டம் நம் இருவருக்கும் என்று மட்டும் இருக்கிறது.

இப்போது கணக்கு. உங்கள் பொய் பாதி, என் வாய்மூடல் பாதி. பழுப்பு டயலுக்கு என்ன விலையோ அதை நாம் இருவரும் சரிபாதியாக அவளிடம் கொடுக்க வேண்டும். உங்கள் அலமாரியில் நிலாவின் வளர்பிறை தேய்பிறை காட்டுகிற தங்க வாட்ச் இருக்கிறது, அது ஒன்றை விற்றாலே உங்கள் பாதி தேறும். ஜூனுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. ஒரே வரியில் பதில் போதும்.

குழாய்க்காரன்

ஏப்ரல் 19

முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நிதானமாக யோசித்தால் நீங்களும் என்னைப் புரிந்துகொள்வீர்கள். நான் யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை. ஒரு விலை சொன்னேன், அவ்வளவுதான். கடையில் கொடுக்கச் சொன்னது நான் இல்லை. தங்க வாட்ச் மாமனார் சீதனமாகத் தந்தது, அதைத் தொட்டால் வீட்டில் பூகம்பம் வரும். பாதி என்பது என்னால் முடியாது. கவரில் இருக்கும் ஃபிரிட்ஜ் பணத்தை வேண்டுமானால் எப்போதும் கொடுக்கத் தயார்.

இன்னொன்று, தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் கையில் வாங்கிப் பார்த்தீர்கள் அல்லவா? டயல் போனது போனதுதான். ஆனால் முட்கள்? சாவி கொடுக்கும் திருகு? அந்தப் பஸ் ஸ்டாண்டு ஆள் அவற்றை மாற்றாமல் விட்டிருந்தால், பழைய முட்களுக்கு மட்டுமே நல்ல கிராக்கி உண்டு. என்னிடம் அதே வகையில் முள் இல்லாத ஒன்று கிடக்கிறது. அண்ணிக்கு இனி அது ஒரு சாதாரண வாட்ச்தான். நான் கேட்டால் நன்றாக இருக்காது. நீங்கள் ஜாடையாகக் கேட்டுப் பாருங்களேன்.

அன்புடன்,
டாக்டர்

மே 17

டாக்டருக்கு,

என் பதினாலு வாட்ச்சும் போய்விட்டன. ஒரே ஆள், ஒரே நாள், மேசை மேல் வரிசையாக வைத்து எண்ணி எடுத்துக்கொண்டான். அவன் குனிந்து ஒவ்வொன்றாக நக்குகிற மாதிரி பார்த்ததைப் பார்த்தபோது, முதல் ஞாயிறுகளில் நாம் எப்படி இருந்திருப்போம் என்று தெரிந்துகொண்டேன். மீதிக்குக் கோடவுனில் ஒரு லோடு செம்புக் குழாயை அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். உங்கள் பாதியையும் சேர்த்து நானே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே கூனிக் குறுகிப் போயிருப்பேன். வாசல் வரை வந்து, "முட்டியைப் பார்த்து எறங்குங்கண்ணே. இனிமே ஏற வேண்டாம்" என்றாள். மாடியை மட்டும் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாட்ச்சை நான் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். முட்கள் மூன்றும் பழசுதான். நொடி முள்ளின் நுனியில் வெள்ளை லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. சாவி திருகும் மாற்றவில்லை. கடை ஆள் அதைத் தொடவே இல்லை.

நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. "நான் பண்ணது தப்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே, என் கண் அவள் முகத்துக்குப் போகும் முன்னால் அந்த முட்களுக்குத்தான் போனது. நீங்கள் அந்தக் கடிதம் எழுத ஒன்பது நாள் இருக்கும்போதே, அதைக் கழற்றினால் என்ன தேறும் என்று என் மனசு ஒரு விலை போட்டு முடித்திருந்தது.

அதனால்தான் இனி உங்கள் முகத்தில் விழிக்க முடியாது. உங்களைப் பார்த்தால் எனக்கு யாரைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று புரிந்துகொள்வீர்கள்.

பதில் போட வேண்டாம்.

குழாய்க்காரன்