புட்டிப்பாலுக்குப் பிறகு

ஆகஸ்ட் 6, செவ்வாய். நகரி
ஆபரேஷன் செய்த இடம் இன்னும் இழுக்கிறது. எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா, கோவிந்தம்மாள் அண்ணிதான் டப்பாப் பால் கரைத்துப் புட்டியில் கொடுக்கிறார். பாப்பா குடிக்கிறாள். ஆனால் இன்று இரண்டு தடவை கக்கினாள். எல்லாக் குழந்தையும் கக்கும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 8. திருப்பதி
வாந்தி நிற்கவேயில்லை. முகம் வெளுத்து, ஈரத்துணி மாதிரி துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கிருமியாக இருக்கலாமாம். டிரிப்ஸ் ஏறுகிறது. அந்தச் சின்னக் கையில் எங்கே ஊசி குத்துவார்கள்?

ஆகஸ்ட் 12
வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லையாம். எனக்கும் இப்போது பால் நன்றாக வருகிறது. பிறகு எதனால்தான் அப்படி ஆனாள்?

ஆகஸ்ட் 15
மறுபடியும் திருப்பதி. மறுபடியும் அதே வெளுப்பு. தொட்டால் சில்லென்று — அய்யோ, என் பொண்ணு கண்ணே தொறக்கல.
காரில் அண்ணி அழுதுகொண்டே சொன்னார்: "நீ அசந்து தூங்கிக்கினு இருந்த. கொயந்த கத்திக்கினே இருந்துச்சி. கொஞ்சோண்டு டப்பாப் பாலுதாம்மா குடுத்தேன்."
நான் பாப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16
டாக்டர் பவ்யா தெலுங்கு கலந்து கேட்ட முதல் கேள்வி, என்ன கொடுத்தீர்கள் என்பதுதான்: "வாந்திக்கு முன்னாடி ஏமி இச்சாரு? டப்பா பாலா?" இரண்டு தடவையும் அதுதான் என்றேன். ஜுரமும் இல்லை. பசும்பால் ஒவ்வாமையாம். டப்பாப் பாலும் பசும்பாலில் செய்வதுதானாம்.
"அலர்ஜின்னா தடிப்பு வரணுமே, மேடம்?"
"இதுல வராதும்மா. இது குடல்ல வர்றது. குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுக்கூட வாந்தி வரும், குழந்தை துவண்டு போயிடும். அதனாலதான் கிருமின்னு நெனைச்சோம். உங்க பால் ஒத்துக்குது, அதை நிறுத்தாதீங்க."
அண்ணி பாப்பாவைத் தூக்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21
வாந்தி இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு
பெயர் வைத்தோம். மஞ்சு. சத்தியவேட்டிலிருந்து வந்த சித்தி, சர்க்கரை போட்ட பாலைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு பாப்பாவின் வாயருகே போய்விட்டார். "நாக்குல தடவுனா இன்னா ஆயிடும்?"
நான் எழுவதற்குள் அண்ணி குறுக்கே வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சித்தி. நான் குடுத்துட்டுப் பட்டதே போதும்."
சித்தி கரண்டியைக் கீழே வைத்தார்.
மதியம் பாப்பாவை அண்ணியின் மடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன்.