கோச்சிடம் நான் போய்க் கேட்டது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி நிரந்தரமாகத் தங்கிவிட்டது, மற்றபடி குறையில்லை. நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, இல்லை என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் வாயில் எது தங்கியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நாங்களும் டிவியில் பார்த்தோம். நீ கோல்கீப்பராக நின்ற பதினைந்து வருஷமும், எதிராளி பெனால்டி அடிக்க வந்தாலே நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன், கழுவினதையே மறுபடி கழுவின நாள் உண்டு. தோள்பட்டை போய் நீ கோச் ஆனதும், அப்பாடா, இனி என் பிள்ளை மேல் பந்து வராது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். நீ கோலில் நிறுத்தின அந்தச் சின்னப் பெண்ணின் கால் நடுவே பந்து புகுந்தபோது அவளைக் காட்டவில்லை, உன்னைத்தான் காட்டினார்கள். நான் பழையபடி எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அனுபவமுள்ளவளை உட்கார வைத்துவிட்டுப் பத்தொன்பது வயதுக்காரியை நிறுத்தினாய் என்று ஊரே உன்னை வறுத்தெடுக்கிறதாம். அதைக்கூட நீ தாங்குவாய். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா உனக்குப் போன் செய்து, "என் பொண்ண எடுத்துடுங்க, அவ சாப்பிடவே மாட்டேங்கறா" என்று அழுதாளாமே, அதில்தான் நீ ஆடிப்போயிருக்கிறாய் என்றாள் அக்கா. சனிக்கிழமை ஆட்டத்தில் யாரை நிறுத்துவது என்று தெரியாமல் வேலையையே விட்டுவிடலாமா என்கிற வரைக்கும் போய்விட்டாயாம்.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினாய். கிளவுஸைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். மறுநாள் கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு உன் கோச்சைத் தேடிப் போனேன். மைதானத்தில் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா உன்னிடம் கேட்டதைத்தான் நானும் அவரிடம் கேட்டேன், ஏறக்குறைய இதே வார்த்தைகள். அவர் கையை நிறுத்தாமலே, "இத அவ கேக்கறாளா, நீங்க கேக்கறீங்களா?" என்றார். "அவ வந்து கேக்கட்டும், அன்னிக்கே எடுத்துடறேன்" என்று அனுப்பிவிட்டார். கல்நெஞ்சக்காரன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் நீ போய்க் கேட்கவேயில்லை. அடுத்த ஆட்டத்தில் மூன்று வாங்கினாய், அதற்கடுத்ததில் ஒன்று. அன்றைக்கு நீ சாப்பிட்ட சாப்பாட்டில் வீட்டில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதனால் என்னையும் கேட்காதே, பேப்பரில் எழுதுகிறவனையும் கேட்காதே. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளையே கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. நிற்கிறேன் என்றால் நிறுத்து, தோற்றாலும் பரவாயில்லை. நீ உட்கார வைத்த அந்த மூத்த கீப்பரிடமும் நீயே நேரில் சொல்லிவிடு, அடுத்தவர் வாயால் கேட்டால்தான் மனசு கசந்துபோகும். எது நடந்தாலும் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடு. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

நூறு வருஷம் தலை நிமிர்ந்து நன்றாயிரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார், கூடவே டிஃபென்ஸ் பற்றி ஒரு பக்கத்துக்கு யோசனை சொன்னார், அதை எழுதாமல் விட்டுவிட்டேன். குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ.

உன்னைப் பெற்றவள்,
அம்மா