வால் வைத்த மருந்து

மார்ச் 4

மருந்தின் மூலக்கூறுக்கு இன்று வால் வைத்தேன், நீளமான ஒரு கார்பன் சங்கிலி. பழைய மருந்து டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே போய் உட்காரும். ஆனால் நிலைகொள்ளாது, எழுந்து போய்விடும். வால் இருந்தால் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு.

போனில் அம்மா, "சிவனேன்னு கெடந்த மருந்துக்கு எதுக்குடி வாலு?"

இருபதாம் தேதிக் கூட்டத்தில், பழையதைவிட நன்றாக ஒட்டுகிறது என்று நான் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் எங்கள் ஆய்வகத் தலைவர் இந்த வேலையையே மூடிவிடுவார். இத்தனை வருஷ உழைப்பு!

மார்ச் 9

ஒட்டிவிட்டது! மருந்துக் கரைசல் கருவியின் ஒளியில் ஆரஞ்சாக மின்னும். டிஎன்ஏவுக்குள் நுழைந்தால் மங்கும். இன்று மங்கியதே ஒரு மங்கல்! பழைய மருந்து இதன் கால்தூசி பெறாது. தலைவரிடம் சொல்லியாயிற்று, அம்மாவிடமும். தலைகால் புரியவில்லை.

மார்ச் 10

பக்கத்து மேஜைக்காரருக்கு நான் வைத்த பெயர் சந்தேகப்பிராணி. "டிஎன்ஏ போடாம, மருந்த மட்டும் வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டே வைத்துப் பார்த்தேன்.

அதுவும் மங்கியது.

ஐயோ. குழாயைக் கவிழ்த்தேன். தண்ணீர் போய்விட்டது, உள்சுவரில் ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. என் அருமை மருந்து டிஎன்ஏவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கோடு குடும்பம் நடத்துகிறது! மருந்தைத் தனியாக வைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு ஏன் தோணல? ஆசை — வேறென்ன.

மார்ச் 11

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். "இருபதாம் தேதி மாறாது" என்றார். அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு அழுகையா வந்துச்சு.

மார்ச் 13

வால் நீளம், எண்ணெய்ப்பசை வேறு. பிளாஸ்டிக்கைக் கண்டால் விடுமா? பாதியாக நறுக்கி, நுனியில் நேர்மின்னூட்டம் உள்ள ஒன்றைக் கோத்தால்? டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம்; இழுக்காமலா போகும்?

"செஞ்சு பாருங்க" என்றார் சந்தேகப்பிராணி. அவர் வாயிலிருந்தா!

மார்ச் 19

முதலில் மருந்து மட்டும். மங்கவில்லை. வேறு குழாய்க்கு மாற்றினேன். மங்கவில்லை. பிறகு டிஎன்ஏ, சொட்டுச் சொட்டாக.

மங்கியது. மறுபடி செய்தேன், மறுபடியும் மங்கியது, பழைய மருந்தைவிட அதிகமாகவே. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 20

தலைவர் பழைய மருந்தின் முடிவையும் புதியதன் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூட வேண்டாம். அடுத்து உயிருள்ள செல்லுல போட்டுப் பாப்போம்" என்றார். முதலில் கைதட்டியது சந்தேகப்பிராணி.

வெளியே வந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"ஒட்டிடுச்சும்மா."

"எதுலடி?"